உயரத்தை மட்டும் கேட்டு ஸ்கீ எடுக்காதீர்கள்

சுவிஸ் மலைகளில் பிஸ்டேயை விட்டு வெளியே இறங்கத் தொடங்கியிருக்கும் தமிழ் இளையோருக்கு,



இந்தக் குளிர்காலத்தில் உங்களில் பலர் முதன்முறையாகச் சொந்தமாக, பிஸ்டேக்கு வெளியே ஓடுவதற்கான ஒரு ஃப்ரீரைட் ஸ்கீ வாங்கப்போகிறீர்கள். பாடசாலை ஸ்கீ முகாமான ஸ்கீலாகரில் வாடகை ஸ்கீயில் பழகினீர்கள். பிறகு ஃப்ளும்ஸர்பெர்க், ஹோக்-இப்ரிக், சோரன்பெர்க் என்று வார இறுதிகளில் நண்பர்களோடு போய்வந்தீர்கள். இப்போது இயந்திரம் அமுக்கிச் சீராக்கிய பாதையான பிஸ்டேக்குப் பக்கத்தில், யாரும் தொடாமல் கிடக்கும் பனி உங்களை இழுக்கிறது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த நம் பெற்றோரில் பெரும்பாலானோருக்கு இந்த விளையாட்டில் பழக்கமில்லை. உங்களோடு படித்த சுவிஸ் பிள்ளைக்குத் தகப்பனோ மாமனோ சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்ததை, உங்களுக்குக் கடையில் நிற்பவர் இரண்டு வசனத்தில் சொல்லி முடித்துவிடுகிறார். ஸ்கீ பட்டறையில் விளிம்பு தீட்டி, சப்பாத்தை ஸ்கீயோடு இணைக்கும் பைண்டிங்கைப் பூட்டி வேலை செய்கிறவன் நான். தவறான நீளத்தில் வாங்கிய ஸ்கீயோடு வந்து, "எனக்கு இது சரிவராது போல" என்று தங்களையே நொந்துகொள்ளும் நம் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நீளத்தைத் தனியாக முடிவுசெய்ய முடியாது. நீங்கள் அதிகம் ஓடப்போகும் பனி எது என்பதிலிருந்து ஸ்கீயின் அகலம் வரும். அகலம், வடிவம், உள்ளமைப்பு மூன்றையும் பார்த்து மாதிரியை முடிவுசெய்ய வேண்டும். நீளம் கடைசியில்தான் வரும். அதற்கு உங்கள் எடையையும் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். கடைகளில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. உயரத்தைக் கேட்கிறார்கள், ஓர் எண்ணைச் சொல்கிறார்கள், அந்த எண்ணில் கழிவு விலைக்கு இருப்பதை எடுத்துத் தருகிறார்கள்.

உங்களைக் குழப்பும் அறிவுரைகள் எங்கிருந்து வருகின்றன என்று முதலில் பார்ப்போம். கையை மேலே தூக்கினால் ஸ்கீ மணிக்கட்டைத் தொடவேண்டும் என்பார் மூத்த பயிற்சியாளர். நாடிக்கும் மூக்குக்கும் இடையில் இருந்தால் போதும் என்பார் கடைக்காரர். தலைக்கு மேல் ஐந்து சென்ரிமீட்டர் கூட்டி எடு என்பான் பொடிப்பனியில் ஓடும் நண்பன். மூவர் சொல்வதும் பொய்யல்ல. அவை மூன்று காலத்து ஸ்கீக்களுக்கு உரிய மூன்று விதிகள்.

பக்கவாட்டு வளைவு மிகக் குறைந்த, ஒடுங்கிய ஸ்கீக்கள் இருந்த காலத்தில் இரண்டு மீட்டர் நீளம் சாதாரணம். மணிக்கட்டு விதி அந்தக் காலத்தது. 1990களின் தொடக்கத்தில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம், இடுப்பு ஒடுங்கி முனையும் வாலும் அகன்ற எஸ்.சி.எக்ஸ் ஸ்கீயைக் கொண்டுவந்தது. சாய்த்துப் பிடித்தாலே அது தானாக வளைந்து திரும்பியது. கார்விங் பரவியது, நீளம் நாடிக்கு இறங்கியது. பொடிப்பனிக்கான ஸ்கீயோ வேறு வழியில் வளர்ந்தது. 1980களின் இறுதியில் ஒஸ்திரியாவின் அட்டோமிக் நிறுவனம் பவுடர் பிளஸ் என்ற அகன்ற ஸ்கீயைச் செய்து, அகலம் கூடினால் ஆழமான பனியில் மிதக்கலாம் என்று காட்டியது. அலாஸ்காவில் நீர்ச்சறுக்குப் பலகையில் பைண்டிங் பூட்டிப் பனியில் இறங்கிப் பார்த்த ஸ்கீ வீரர் ஷேன் மெக்கான்கியின் எண்ணத்தில் பிறந்தது வோலான்ட் நிறுவனத்தின் ஸ்பாச்சுலா. 2002இல் வெளிவந்த அந்த ஸ்கீயின் முனையும் வாலும் மேல்நோக்கி வளைந்திருந்தன. இன்று ராக்கர் என்று சொல்லும் வடிவத்தை உலகம் கவனித்தது அதற்குப் பிறகுதான்.

இன்று ஆல்-மவுண்டன் ஃப்ரீரைட் என்ற பெயரில் விற்கும் ஸ்கீயில் பக்கவளைவு, அகலம், ராக்கர் மூன்றும் கலந்திருக்கின்றன. ஒன்றில் ராக்கர் கூடுதலாக இருக்கும், இன்னொன்றில் கார்விங் குணம் கூடுதலாக இருக்கும். அதனால்தான் தனியொரு விதி எல்லா மாதிரிக்கும் பொருந்துவதில்லை.

சரி, பனியிலிருந்து தொடங்குவோம். உங்களிடம் நீங்களே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: ஒரு பருவத்தில் நான் இறங்கும் மீட்டர்களில் எவ்வளவு உண்மையான பொடிப்பனி? காணொளிகளில் பார்க்கும் இடுப்பளவு பனி சில காலைகளுக்குத்தான் கிடைக்கும். மற்ற நாட்களில் மதியத்துக்குள் உழப்பட்டுவிட்ட பனி, காற்றடித்து இறுகிய பனி, மார்ச் மாதத்து ஈரப்பனி, காலையில் கல்லாய்க் கிடக்கும் பிஸ்டே ஆகியவைதான். ஃப்ரீரைட் நாளிலும் லிஃப்டுக்குத் திரும்பிவரப் பிஸ்டேயில்தான் ஓடவேண்டும். ஆகவே ஒரே ஒரு சோடி ஸ்கீ வைத்திருக்கப் போகிறவர்களுக்குக் காலடியில் 94 முதல் 102 மி.மீ. வரை அகலம் போதும் என்பது என் உறுதியான கருத்து. ஆண்டர்மட்டின் கெம்ஸ்ஸ்டாக், எங்கெல்பெர்கின் டிட்லிஸ் போன்ற உயரமான, பனி அதிகம் விழும் மலைகளுக்கு அருகில் இருந்து, புயல் முடிந்த மறுநாளே போகக்கூடியவர்கள் 105 மி.மீ.க்கு மேல் யோசிக்கலாம். பெரும்பாலும் பிஸ்டேயில் ஓடி எப்போதாவது ஓரத்தில் இறங்குகிறவர்களுக்கு 90க்குக் கீழே உள்ளதே மகிழ்ச்சி தரும்.

அகலத்துக்கு ஒரு விலை உண்டு. ஸ்கீ அகலும்போது விளிம்பு உங்கள் பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து விலகிப்போகிறது. இறுகிய பனியில் அந்த விளிம்பைச் சாய்த்துப் பிடிக்கக் கூடுதல் பலம் வேண்டும். அந்தச் சுமை கணுக்காலிலும் முழங்காலிலும் இறங்கும். நாள் முழுக்கப் பிஸ்டேயில் 110 மி.மீ. ஸ்கீயில் ஓடிவிட்டு முழங்கால் நோகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஸ்கீயின் அகலத்தைத்தான்.

மிதப்பதற்கு நீளம் வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். சிறிய கணக்கொன்று போட்டுப் பாருங்கள். 180 செ.மீ. ஸ்கீயின் அகலத்தை முழு நீளத்துக்கும் 10 மி.மீ. கூட்டினால் ஒரு ஸ்கீயின் பரப்பு 180 சதுர செ.மீ. கூடும். அதே ஸ்கீயில் 7 செ.மீ. நீளத்தைக் கூட்டினால், சராசரி அகலம் 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டாலும், 84 சதுர செ.மீ.தான் கூடும். மிதப்பை முதன்மையாகத் தருவது அகலம். நீளம் தருவது முன்பின் நிதானம்: வேகமாகப் போகும்போது முனை அலையாமல் இருப்பது, மேடுபள்ளத்தில் முன்னே கவிழாமல் இருப்பது. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது வடிவம். ஸ்கீயின் மீது அச்சிட்டிருக்கும் நீளமும் பனியைத் தொடும் நீளமும் ஒன்றல்ல. ஸ்கீ இரண்டையும் அடிப்பக்கம் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துப் பக்கத்திலிருந்து பாருங்கள். முனையில் எங்கே பிரியத் தொடங்குகின்றன, வாலில் எங்கே பிரிகின்றன என்று தெரியும். 180 செ.மீ. ஸ்கீயில் முனைப்பக்கம் 30 செ.மீ.யும் வால்பக்கம் 15 செ.மீ.யும் மேலெழுந்திருந்தால், தட்டையாக நிற்கும்போது 135 செ.மீ.தான் தரையில் இருக்கும். முனையில் மட்டும் 15 செ.மீ. எழுந்த 170 செ.மீ. ஸ்கீயோ 155 செ.மீ. தொடும். நீளமான ஸ்கீதான் பிஸ்டேயில் குட்டையாக நடந்துகொள்கிறது! சாய்க்கும்போது எழுந்த பகுதியிலும் ஒரு பங்கு பனியைப் பிடிக்கும். ஆனாலும் வேறுபாடு முழுவதும் போய்விடாது. எனவே ராக்கர் அதிகமுள்ள மாதிரியை நீளமாகவும், ராக்கர் குறைந்து வால் தட்டையாக இருக்கும் மாதிரியைச் சற்றுக் குறைத்தும் எடுப்பதுதான் முறை. வாலும் முனைபோல் வளைந்த ட்வின்-டிப் ஸ்கீயிலும் சில சென்ரிமீட்டர்கள் அந்த வளைவுக்கே போய்விடும்.

மூன்றாவது உள்ளமைப்பு. இந்த வகை ஸ்கீக்களைப் பெரிதாக இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம். ஒன்று, மர உள்ளகத்தோடு டைட்டானல் தகடு சேர்த்தது. டைட்டானல் என்பது ஒஸ்திரியாவில் தயாராகும் ஓர் அலுமினியக் கலப்புலோகம். அது அதிர்வை விழுங்கும், வேகத்தில் நிதானம் தரும், எடையையும் கூட்டும். ஃபோல்க்கில் மாந்த்ரா (96 மி.மீ.), நோர்டிக்கா என்ஃபோர்ஸர் 100, பிளிஸார்ட் போனாஃபைட் 97, லுட்சேர்ன் மாநிலத்து மால்ட்டர்ஸில் தயாராகும் ஸ்டோக்லி ஸ்டோர்ம்ரைடர் 95 ஆகியவை இந்தக் குடும்பம். இன்னொன்று, உலோகத் தகடு இல்லாமலோ குறைவாகவோ செய்து, எடையைக் குறைத்து, முனையையும் வாலையும் இலகுவாக்கியது. அட்டோமிக் பென்ட் 100, சலொமோன் க்யூ.எஸ்.டி 98, ஹெட் கோர் 99 இந்தப் பக்கம் வரும். என்ஃபோர்ஸர் 100 நடுத்தர நீளத்தில் ஒரு ஸ்கீ இரண்டு கிலோவைத் தாண்டும். பென்ட் 100 ஏறக்குறைய ஒன்றேமுக்கால் கிலோ.

இதில் எது உயர்ந்தது என்று கேட்காதீர்கள். உலோகம் சேர்த்த ஸ்கீ, அதை வளைக்கும் வேகமும் எடையும் தொழில்நுட்பமும் உள்ளவருக்குத் தங்கம். மெதுவாக, பின்னால் சாய்ந்து ஓடுகிறவருக்கு அது ஒத்துழைக்காது. வால் பனியில் சிக்கிக்கொண்டு திரும்ப மறுக்கும். இலகுவான ஸ்கீ காட்டோரச் சரிவிலும் பொடிப்பனியிலும் சொன்னபடி கேட்கும். உழப்பட்ட கடும்பனியில் வேகம் கூடும்போது உதறும். இரண்டு மூன்று பருவம் மட்டும் பிஸ்டேக்கு வெளியே ஓடியவர்களுக்கு நான் இரண்டாவது குடும்பத்தையே சொல்வேன்.

இப்போதுதான் நீளம். இங்கே உயரத்தைவிட எடைதான் முக்கியம். வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட பலகை, மேலே நடப்பவரின் பாரத்துக்கு ஏற்பத்தான் வளையும். அவரது உயரம் அதற்குத் தெரியாது. ஸ்கீயும் அப்படியே. அத்தோடு, பல நிறுவனங்கள் நீளம் கூடக்கூட ஸ்கீயின் விறைப்பையும் கூட்டுகின்றன. எடை குறைந்தவர் ஒரு படி நீளமாக எடுத்தால் ஏழெட்டு சென்ரிமீட்டர் மட்டும் கூடுவதில்லை, வளைக்க வேண்டிய விறைப்பும் கூடுகிறது. திரும்பும் ஆரமும் நீளத்தோடு பெரிதாகும். 18 மீட்டர் ஆரமுள்ள ஸ்கீயை இறுகிய பனியில் 60 பாகை சாய்த்தால் ஏறக்குறைய 9 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்பும். ஆனால் அவ்வளவு சாய்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக இரண்டு பேரை நினைத்துக்கொள்வோம். இருவரும் 172 செ.மீ. உயரம். ஒருவர் 62 கிலோ, பிஸ்டேக்கு வெளியே இரண்டாவது பருவம். மற்றவர் 88 கிலோ, பல ஆண்டுகளாக வேகமாக ஓடுகிறவர். மாந்த்ராவின் எம்6 பதிப்பு 163, 170, 177, 184, 191 என்ற நீளங்களில் வந்தது. அதில் முதலாமவருக்கு 170, இரண்டாமவருக்கு 177. பென்ட் 100 வந்த நீளங்கள் 164, 172, 180, 188. அதில் முதலாமவர் 172 எடுக்கலாம், ராக்கர் இருப்பதால் அது அவருக்குச் சுமையாக இருக்காது. இரண்டாமவர் தயங்காமல் 180க்குப் போகலாம். உயரம் ஒன்றாக இருந்தும் நீளம் எவ்வளவு விலகுகிறது பாருங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: உலோகம் சேர்த்து, ராக்கர் குறைந்த மாதிரியில் மூக்கு முதல் நெற்றி வரையிலான உயரம் ஒரு தொடக்கப் புள்ளி. ராக்கர் அதிகமுள்ள, இலகுவான மாதிரியில் உங்கள் உயரமே தொடக்கப் புள்ளி. உயரத்துக்கு எடை அதிகம், வேகம் அதிகம், திறந்த பெரிய சரிவுகளில் ஓட்டம் என்றால் ஒரு படி கூட்டுங்கள். எடை குறைவு, மரங்களுக்கிடையே ஓட்டம், குறுகிய திருப்பங்கள் பிடிக்கும் என்றால் ஒரு படி குறையுங்கள். இரண்டு நீளங்களுக்கு நடுவில் நின்றால், இன்று உங்களால் எப்படி ஓட முடிகிறதோ அதை வைத்தே முடிவெடுங்கள். அடுத்த வருடம் நன்றாக ஓடுவேன் என்று நினைத்து வாங்கும் நீளம் இந்த வருடத்தைக் கெடுத்துவிடும். அதேபோல் பயத்தில் மிகக் குட்டையாகவும் எடுக்காதீர்கள். குட்டை ஸ்கீ பிஸ்டேயில் எளிதாகத் திரும்பும்; ஆனால் உழப்பட்ட பனியில் முனை புதைந்து முன்னே தூக்கி எறியும். நம் ஆட்களிடம் நான் அதிகம் காண்பது இந்த இரண்டாவது தவறைத்தான்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பெண்களுக்கென்று விற்கும் மாதிரிகள் பெரும்பாலும் இலகுவான உள்ளகத்தோடும், குறைந்த நீளங்களிலும் வருகின்றன. உங்கள் எடைக்கும் ஓட்டத்துக்கும் அது பொருந்தினால் எடுங்கள். நீங்கள் பலமாக ஓடுகிறவர் என்றால் மற்ற வரிசையைக் கேட்டு வாங்குங்கள். யாருடைய முகத்தையும் பார்த்துத் தயங்க வேண்டாம். தம்பிமாரே, இது உங்களுக்கும் பொருந்தும். நம்மில் 163, 165 செ.மீ. உயரமும் அறுபது கிலோவுக்குக் குறைந்த எடையும் உள்ள ஆண்கள் பலர் இருக்கிறார்கள். ஆண்களுக்கான வரிசையின் மிகச் சிறிய நீளமே சிலருக்கு விறைப்பாக இருக்கும். நோர்டிக்காவின் சான்டா ஆனா போன்ற, பெண்களுக்கென்று விற்கும் ஸ்கீ அவர்களுக்குச் சரியாக அமையும். ஸ்கீயின் நிறத்தைப் பார்த்து அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

பைண்டிங் பூட்டும் இடத்தையும் கேளுங்கள். நிறுவனம் குறித்த கோட்டிலேயே பூட்டச் சொல்லுங்கள். அந்தக் கோடு சில மாதிரிகளில் ஸ்கீயின் நடுவிலிருந்து பத்து சென்ரிமீட்டர் பின்னால் இருக்கும், சிலவற்றில் நடுவுக்கு அருகில் இருக்கும். நடுவுக்கு அருகில் நின்றால் முன்னால் இருக்கும் நீளம் குறையும். அப்படியான மாதிரியில் ஒரு படி நீளம் எடுத்தாலும் காலில் அது தெரியாது.

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். பல கடைகள் சோதனை ஸ்கீயை வாடகைக்குத் தந்து, வாங்கினால் அந்த வாடகையை விலையில் கழித்துக்கொள்கின்றன. ஒரே நாளில் ஐந்து மாதிரிகளை ஓட்டிப் பார்ப்பதைவிட, ஒரே மாதிரியை இரண்டு நீளங்களில், ஒரே சரிவில், ஒரே பனியில் ஓட்டிப் பார்ப்பது அதிகம் கற்றுத்தரும். காலையில் இறுகிய பிஸ்டேயில் நீண்ட திருப்பங்கள், பிறகு ஒடுங்கிய இடத்தில் குறுகிய திருப்பங்கள், மதியத்துக்குப் பின் உழப்பட்ட பனி. வேகத்தில் முனை அலைந்தால் ஸ்கீ குட்டையாகவோ மென்மையாகவோ இருக்கிறது. திருப்பத்தின் முடிவில் வால் விடுபட மறுத்தால் நீளமாகவோ விறைப்பாகவோ இருக்கிறது, அல்லது நீங்கள் பின்னால் சாய்கிறீர்கள். அந்த மூன்றில் எது என்று தெரிய, கூட வந்தவரை ஒரு காணொளி எடுக்கச் சொல்லுங்கள்.

புதிது வாங்க வசதியில்லை என்று யாரும் ஒதுங்கத் தேவையில்லை. இலையுதிர் காலத்தில் ஊரூராக நடக்கும் பழைய ஸ்கீச் சந்தைகளான ஸ்கீ பூர்ஸேகளில் நல்ல ஸ்கீ கிடைக்கும். எஃகு விளிம்பில் வெடிப்பு உண்டா, பக்கச்சுவர் பிரிந்திருக்கிறதா, முன்பு பூட்டிய துளைகள் எத்தனை என்று பாருங்கள். மாதிரியின் பெயரோடு அது வந்த ஆண்டையும் கேளுங்கள். பெயர் மாறாமல் ஸ்கீ மாறிவிடும். என்ஃபோர்ஸர் 100 ஒருகாலத்தில் 169, 177, 185, 193 என்ற நீளங்களில் வந்தது. பிறகு 165, 172, 179, 186, 191 என்று மாறியது. பழைய 177க்கு ஒருவர் சொன்ன அறிவுரையைப் புதிய 179க்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பணத்தை எதில் முதலில் போடுவது என்று கேட்டால், சப்பாத்தில் என்பேன். காலைச் சரியாகப் பிடிக்காத ஸ்கீ சப்பாத்தோடு எந்த நீளமும் சரியாக இருக்காது. அத்தோடு, சப்பாத்தின் அடி எந்த வகை என்று பார்த்து அதற்கு ஏற்ற பைண்டிங்கை எடுங்கள்; நடக்க வசதியாக வளைந்த கிரிப்வாக் அடி எல்லாப் பழைய பைண்டிங்குக்கும் பொருந்தாது. பைண்டிங் எந்தப் பலத்தில் விடுபடவேண்டும் என்பதை எடை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம், ஓடும் விதம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்டு, இயந்திரத்தில் சோதிக்க வேண்டும். நண்பன் வீட்டில் திருகாணி முறுக்கிச் செய்யும் வேலை அல்ல அது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கடையில் சோதித்து, விபத்துத் தடுப்பு மையமான பி.எஃப்.யுவின் ஸ்கீ வின்யெட்டை ஒட்டி வாங்குங்கள்.

இறுதியாக, எனக்கு மிக முக்கியமானது. நல்ல ஸ்கீ உங்களை உங்கள் அறிவைவிட வேகமாகச் செங்குத்தான சரிவுக்குக் கொண்டுபோய்விடும். 30 பாகையும் அதற்கு மேலும் சாய்ந்த சரிவுகளில் பனிச்சரிவு ஆபத்து உண்டு. மஞ்சள் குறியிட்ட இறங்குபாதைகள் பனிச்சரிவுக்கு எதிராகப் பாதுகாக்கப்படுகின்றன, ஆனால் சீராக்கப்படுவதில்லை, மூடியிருந்தால் நுழையாதீர்கள். அவற்றுக்கு வெளியே போனால் பொறுப்பு முழுவதும் உங்களுடையது. டாவோஸில் உள்ள எஸ்.எல்.எஃப் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. வைட் ரிஸ்க் செயலியில் அதைப் படிக்காமல் புறப்படாதீர்கள். தேடு கருவி, மண்வெட்டி, துழாவு கம்பி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டும், பயன்படுத்தவும் தெரியவேண்டும். வான்மீட்பு அமைப்பான ரேகாவின் 1414 எண் கைபேசியில் இருக்கட்டும். ஸ்கீக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பனிச்சரிவுப் பயிற்சிக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். இரண்டுக்கும் போதாது என்றால், ஸ்கீயைப் பழையதாக வாங்குங்கள், பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏற்கெனவே நன்றாக ஓடும் அண்ணன்மார், அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். எந்த எடைக்கு, எந்த மாதிரியில், எந்த நீளம், எந்தப் பனியில் உங்களுக்குச் சரிவந்தது என்று எழுதிவைத்து இளையவர்களுக்குக் கொடுங்கள். கடைக்கு அவர்களோடு நீங்களும் போங்கள். நம் வீடுகளில் இல்லாத அந்த அனுபவத்தை அடுத்த பிள்ளைகளுக்குச் சேர்த்துவைக்க வேண்டியவர்கள் நாம்தான். அதை இந்தப் பருவத்திலேயே தொடங்குவோம்.

அன்புடன்,
உங்களோடு மலையேறும் ஒரு பட்டறைக்காரன்